அம்மா அளவில் அப்பாவின் நாற்காலி

என் அம்மாவுக்கு முழங்காலிலிருந்து பாதம் வரை பதினாலு அங்குலம். இதை அளப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாற்காலி செய்யப் போகிறேன் என்று சொன்னால் காலை நீட்டவே மாட்டாள். அதனால் முட்டிக்கு மாட்டுகிற உறை வாங்கணும், கடையில் அளவு கேட்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தையல் டேப்பை எடுத்தேன்.

"உறை முட்டிக்குத்தானே? பாதம் வரைக்கும் இன்னாத்துக்குடி அளக்கற?" என்றாள்.

"புது மாடலும்மா" என்றேன். எழுபத்தாறு வயசுக்கு இவ்வளவு விவரம் ஆகாது.

அப்போது அப்பா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டிச் சொல்லியிருந்தார். மாத்திரையைவிட முக்கியம், தரையில் உட்காரக் கூடாது. காலை மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் அடுத்த வருஷம் நடையே நின்றுபோகும் என்றார். அவர் கன்னடத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன், அண்ணன் ஃபோனில் இன்னொரு தடவை சொன்னான். மூன்று பேருக்கும் நன்றாகத் தலையாட்டிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பூ கட்ட ஆரம்பித்தாள்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கே அம்மாவின் காலை நடை தெரியும். பால் கடை, இட்லிக்காரம்மா, இஸ்திரி வண்டி என்று ஒவ்வொரு இடமாக நின்று, ஒரு இடத்தில் கேட்ட வம்பை இன்னொரு இடத்தில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கறிவேப்பிலையை மறந்துவிட்டுத் திரும்பி வருவாள். அந்த நடை நின்றுவிட்டால் அம்மா படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அப்படி அவளைப் பார்க்க என்னால் முடியாது. எனக்கிருந்த ஒரே பயம் அதுதான்.

வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அண்ணன் வாங்கிப் போட்ட சோபா ஒன்று. அம்மா நாலடி எட்டு அங்குலம். எதில் உட்கார்ந்தாலும் கால் தரையில் படாமல் ஆடும். "ஊசி போட்டுக்க உக்கார வச்ச மாதிரி இருக்குதுடி" என்று ஐந்தே நிமிஷத்தில் இறங்கிவிடுவாள்.

அப்பா இந்த ஊரில் நகர பஸ் கண்டக்டராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் நின்றே வேலை பார்த்தார். கண்டக்டருக்கு என்று பின்படி பக்கத்தில் ஒரு சீட் இருக்கும். அதில் கைக்குழந்தைக்காரி யாரையாவது உட்கார வைத்துவிட்டு இவர் கம்பியில் சாய்ந்துகொள்வார். 'முந்தே ஹோக்ரீ, முந்தே ஹோக்ரீ' என்பது அவர் வாயிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்னால் போங்க என்று கன்னடத்தில் சொல்வது. பஸ்ஸில் மட்டுமா? கல்யாணப் பந்தியில், ரேஷன் கடையில், சமையலறை வாசலை நானும் அண்ணனும் மறித்துக்கொண்டு நின்றால் அங்கேயும் அதுதான். அண்ணன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியபோது, ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டி அப்பா சொன்ன ஆறுதலும் அந்த இரண்டு வார்த்தைதான்.

அப்பாவின் முதல் வருஷ திதிக்கு இன்னும் ஆறேழு மாதம் இருந்தபோதே, சந்தாபுராவில் இருக்கும் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆள் உயரத்துக்கு ஒரு படம், சந்து முனையில் போஸ்டர், ஐம்பது பேருக்குச் சாப்பாடு என்று அடுக்கினான். நான் நாற்காலி செய்யலாம் என்றேன். அப்பா நினைவாக, அம்மா அளவில். அப்பாவுக்காகச் செய்தது என்றால் அம்மா மறுக்க மாட்டாள். அதில் உட்கார்ந்தால் முட்டி பிழைக்கும்.

"யார் செய்வாங்க?"

"நான்தான்."

அவன் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே செய்து காட்டிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. நான் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறவள். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். விழுந்துபோன பல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து நான் மெழுகில் செதுக்குவேன். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. இந்த ஊரில் எத்தனை பேர் என் கைப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்களோ, எனக்கே தெரியாது. கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் செதுக்கத் தெரிந்தவளுக்கு நாற்காலி முதுகு எம்மாத்திரம் என்று நினைத்தேன். கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணன் யோசித்துவிட்டுச் சரி என்றான். ஒரே நிபந்தனை. "தேதி போடணும். தோற்றம், மறைவு ரெண்டும். அது இல்லாம இன்னா நினைவு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தமிழில் போஸ்டர் ஆகட்டும் கல்லறை ஆகட்டும், அந்த இரண்டு சொல் இல்லாமல் யார்தான் செத்திருக்கிறார்கள்? அதுவும் போக, எழுத்து என் கைக்கு நன்றாக வரும்.

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பட்டறை இருக்கிறது. அதன் சொந்தக்காரர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர், வீட்டில் உருது பேசுகிறவர், தமிழும் கன்னடமும் கலந்து அடிப்பார். அவருக்கும் எனக்கும் முதல் நாளே ஒப்பந்தம் ஆனது. அறுப்பது, இழைப்பது, ஆணி இல்லாமல் கூட்டிப் பொருத்துவது எல்லாம் அவர். செதுக்குவது முழுக்க நான். நடுவில் அவர் உளியைக் கையில் எடுக்கக் கூடாது.

மரம் எது என்று கேட்டேன். தேக்கைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூலையிலிருந்து மஞ்சள் பலகையை இழுத்துப் போட்டார். "பலா எடுத்துக்கோங்கக்கா. கத்தி பேச்சைக் கேக்கும். இப்ப மஞ்சளா இருக்கும், போகப்போகத் தேன் கலர் ஆய்டும்." சீவியதும் லேசாகப் பழ வாசனை வந்தது. அங்கேயே தீர்மானம் ஆகிவிட்டது.

லேப் விட்டதும் நாலரைக்குப் போவேன், விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழு நாள். முதல் வாரம் என் மெழுகுக் கத்திகளையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு துண்டுப் பலகையில் மல்லிகை மொட்டு ஒன்றைச் செதுக்கி, பெருமையாக நீட்டினேன். அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, தள்ளி வைத்து, கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அரே, நல்லாத்தான் இருக்குது. நாற்காலிய வாய்க்குள்ள வச்சுக்கப் போறீங்களாக்கா?"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. பல்லை விரல் தூரத்தில் பார்க்கிறோம், நாற்காலியை அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். மணிக்கட்டால் செதுக்கிப் பழகிய கை, தோளால் செதுக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. கட்டைவிரல் அடியில் கொப்புளம் வந்தது. லேபில் என் கூட வேலை பார்க்கிறவள், புருஷன் இல்லாதவள், இந்த வயசில் உனக்கு எதுக்கு இந்த வேலை என்றாள். புருஷன் இருந்திருந்தால் அவன் முதுகைச் செதுக்கியிருப்பேன் என்று சொல்லிவைத்தேன். உண்மை என்னவென்றால், அந்த ஆறு மாதம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். மரச் சீவல் சுருள் சுருளாக மடியில் விழும்போது, அப்பா போன துக்கம்கூட நல்ல பிள்ளையாக ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

நாற்காலியை நான் வரைந்தது இப்படி. உட்காரும் பலகை தரையிலிருந்து சரியாகப் பதினாலு அங்குலம். கை வைக்கும் சட்டம் கொஞ்சம் அகலம், பூக்கூடை நழுவாமல் இருக்க. முதுகின் உச்சியில் குறுக்காக ஒரு உருட்டுக் கம்பு, பஸ் சீட்டின் தலையில் பிடித்துக்கொள்ள இருக்குமே அந்த மாதிரி. அம்மா எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளலாம், அப்பாவும் அங்கே இருப்பார் என்று ஒரு கணக்கு. அதற்குக் கீழே ஒரு கை அகலத்தில் குறுக்குப் பலகை. அதற்கும் கீழே முதுகின் நடுவில் அப்பா டிக்கெட் காசு போட்டு வைத்த தோல் பை: வாய்மூடி, பக்கிள், தோள் வார், வருஷக்கணக்கில் கை போய்ப் போய் வழவழத்த விளிம்பு. பையின் தையலை மட்டும் மெழுகுக் கத்தியால் செதுக்கினேன். அதைப் பார்த்துப் பட்டறைக்காரர் வாயைத் திறக்கவில்லை. அது போதும் எனக்கு.

கடைசியாகக் குறுக்குப் பலகையில் எழுத்து. இடது பக்கம் 'தோற்றம்', வலது பக்கம் 'மறைவு', கீழே தேதிகள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. 'றை'யின் கொம்பை வெட்டி முடித்தபோது எனக்கு நானே கை தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திதியன்று காலையில் நாற்காலி லக்கேஜ் ஆட்டோவில் வந்து இறங்கியது. அப்பா படத்துக்கு முன்னால் படையல் போட்டிருந்தோம். அண்ணன், அண்ணி, சந்துக்காரர்கள் என்று வீடு கொள்ளவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், தோல் பையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கிட்டே வந்து அந்தத் தையலை விரலால் தடவினாள்.

"அவர் பையி" என்றாள். "நான்தான்டி தச்சுக் குடுத்தேன், இந்த ஓரத்துல. அதைக்கூட வச்சிருக்கியே."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன், சிரித்தாயே என்று.

"மேல இன்னா எழுதியிருக்குது?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, கன்னடமும் படிக்கத் தெரியாது. பேச்சு மட்டும் இரண்டிலும் பொரிந்து தள்ளுவாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் மேடையில் வாசிப்பது மாதிரி வாசித்தான்.

"உக்காரும்மா. உனக்குத்தான்" என்றேன்.

அம்மா உள்ளே போனாள். மஞ்சள் கிண்ணத்தோடும் குங்குமச் சிமிழோடும் திரும்பி வந்தாள். நாற்காலியின் நெற்றியில், என் எழுத்துக்கு நடுவில், மூன்று பொட்டு வைத்தாள். காலையில் கட்டிய மாலையை உருட்டுக் கம்பில் போட்டாள். உட்காரும் பலகையில் வெற்றிலை பாக்கு, தேங்காய். கற்பூரம் காட்டிவிட்டு, நாற்காலிக்கு முன்னால், தரையில், இரண்டு முட்டியையும் மடக்கி உட்கார்ந்து கும்பிட்டாள். அம்மா கும்பிட்டதும் அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சந்துக்காரர்கள் வரிசை கட்டினார்கள். நான் மட்டும் கையில் காபி டம்ளரோடு நின்றேன்.

அன்றைக்கு ஏதோ உணர்ச்சியில் செய்கிறாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு, செவ்வாய்க்கிழமை சாம்பிராணி. முன்பெல்லாம் தரையில் கண்ட இடத்தில் உட்கார்ந்து பூ கட்டுகிறவள், இப்போது நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அதனோடு பேசிக்கொண்டே கட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் புது ஸ்கூட்டர் சாவியை நாற்காலியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். டிப்போவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து, தோல் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் முட்டி வலிக்கு மருந்து செய்தேன். அது குலதெய்வமாகி முட்டியையே காவு கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

சண்டை போட்டேன். கெஞ்சினேன். ஒரு நாள் வேண்டுமென்றே நானே போய் அதில் உட்கார்ந்தேன். அம்மா போட்ட சத்தத்தில் இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அம்மா நாற்காலி எதிரில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும்போலத்தான் இருந்தது, ஆனால் அடுப்பு பற்ற வைக்கவில்லை. பூக்கூடை காலி, கட்டின சரம் முழுக்க மடியில்.

"எப்போலேருந்தும்மா இப்படி இருக்கற?"

"பத்து மணிக்கு உக்காந்தேன். கால் புடிச்சுக்கிச்சு, எழுந்துக்க வரல. ஃபோன் சமையக்கட்டுல கெடக்குது." கொஞ்சம் சிரித்தாள். "சும்மா இருக்க முடியல. கட்டின பூவை அவுத்து மறுபடி கட்டினேன். ரெண்டு தபா."

மூன்று மணி நேரம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அப்பாவையும் சேர்த்துத் திட்டினேன் என்று மட்டும் தெரியும். அப்புறம் எனக்கே தாங்காமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"உனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சேன்மா. ஏன்மா அதுல உக்கார மாட்டேங்கற?"

அம்மா என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தோற்றம் மறைவுன்னு போட்டுட்டியேடி. சமாதி மேல யாராச்சும் உக்காருவாங்களா?"

ஆறு மாதம் உட்காருவதற்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசி மூன்று நாளில் என் கையாலேயே அதைக் கல்லறை ஆக்கியிருந்தேன். அண்ணன்மேல் பழி போடலாம்தான். ஆனால் எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று மயங்கி நின்றவள் நான்.

முதலில் அவளை எழுப்ப வேண்டும். பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்து, "மேல இருக்கற கம்பைப் புடிச்சுக்கோ" என்றேன். மாலையை ஒதுக்கிவிட்டுப் பிடித்தாள். எழுந்து நின்றதும் கையை எடுக்கவில்லை. கம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது பஸ் கம்பி மாதிரி இருக்குதே."

"பஸ் கம்பிதாம்மா. பூவைப் போட்டு மூடிட்டா எப்படித் தெரியும்?"

கம்பைப் பிடித்தபடியே நின்றுகொண்டு, எனக்கு ஐம்பத்து மூன்று வயசு வரை சொல்லாத ஒரு கதையை அம்மா சொன்னாள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் அப்பா பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். பெண்கள் சீட்டில் மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு எழுப்பப் பயம், நின்றாள். அப்பா வந்தார். பெண்டாட்டி என்று காட்டிக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு மேலே எழுதியிருந்ததைப் பென்சிலால் தட்டி, மீசைக்காரரிடம் 'ஏளப்பா, லேடீஸ் சீட்டு' என்றார். எழுந்திரப்பா என்று அர்த்தம். அவர் எழுந்தார், அம்மா உட்கார்ந்தாள். டிக்கெட் கொடுக்கக் குனிந்த சாக்கில் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"'இந்த எழுத்து எங்க போட்டிருந்தாலும் அது உன் சீட்டு. மந்திரியே உக்காந்திருந்தாலும் எழுப்பு'ன்னாரு. ஆறு எழுத்துடி. எனக்குப் படிக்கத் தெரிஞ்சதே அந்த ஆறு எழுத்துதான்." அம்மாவின் முகம் எப்படி இருந்தது தெரியுமா? முட்டி வலி எங்கோ போய்விட்டது. "அப்புறம் இந்த ஊர்ல நான் நின்னுக்கிட்டுப் போனதே கெடையாது. எத்தினி பேரை எழுப்பியிருக்கேன்!"

அன்றைக்கு மத்தியானம் நான் லேபுக்குத் திரும்பிப் போகவில்லை.

நாற்காலிக்குப் பாலிஷ் போட வேண்டும் என்று சொன்னேன். அம்மா லேசில் விடவில்லை. தேங்காய் உடைத்து, திருஷ்டி கழித்து, வெள்ளிக்கிழமைக்குள் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்று ஆட்டோக்காரரிடமும் சொல்லி அனுப்பினாள்.

பட்டறைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "பெரியவர் தேதியை நான் அழிக்க மாட்டேன்க்கா. பாவம்." செதுக்குவது முழுக்க நான் என்பதுதானே ஒப்பந்தம்? இழைப்புளியை நான் எடுத்தேன். என் எழுத்தை நான் நன்றாக ஆழமாகவே வெட்டியிருந்தேன், ஒவ்வொரு சுருளாகத்தான் போனது. முதலில் அம்மா வைத்த குங்குமம் போனது. பிறகு தேதிகள். 'மறைவு' என்ற சொல் மெலிந்து மெலிந்து, கடைசியில் 'றை'யின் கொம்பு மட்டும் ஒரு கீறலாக நின்று, அதுவும் போனது. எனக்கு அழுகை வந்தது, கூடவே பெரிய நிம்மதியும் வந்தது. இவ்வளவு லேசாக இதைச் சீவி எறிய முடியும் என்று தெரிந்திருந்தால் போன வருஷமே செய்திருப்பேன் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

அரசுப் பள்ளியில் கன்னடம் படித்தவள் நான். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தது எழுத்தில்லை, வடிவம். பஸ்ஸில் இருக்கிற அதே வடிவம் வேண்டும். அதற்காகவே ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னலுக்கு மேலே ஃபோனை நீட்டிப் படம் எடுத்தேன். வழியை மறித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கண்டக்டர், என் மகனாக இருக்கக்கூடிய வயசு, "முந்தே ஹோக்ரீ மேடம்" என்றார். பஸ்ஸுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே முன்னால் போனேன்.

சீவிய பலகையில், புது மஞ்சளில், ஆறு எழுத்தையும் வெட்டினேன். 'மஹிளெயரிகெ.' பெண்களுக்கு, அவ்வளவுதான். கடைசி எழுத்தின் கொண்டையைப் பஸ்ஸில் பெயின்ட்காரர் கொஞ்சம் கோணலாகப் போட்டிருந்தார். அந்தக் கோணலையும் அப்படியே வைத்தேன். அழகாக்கிப் பார்க்கும் ஆசை அடங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை நாற்காலியைத் தூக்கி இறக்க அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தான். ஆட்டோவில் பார்த்ததுமே அவன் முகம் சிவந்துவிட்டது.

"தேதி எங்க? அப்பா பேர்ல ஒண்ணுமே இல்லியே இதுல! இன்னா பண்ணி வச்சிருக்கற நீ?"

"சத்தம் போடாத. உள்ள தூக்கு."

கூடத்தில் பழைய இடத்திலேயே வைத்தோம். அம்மா வந்தாள். குறுக்குப் பலகையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். ஒரு விரலை முதல் எழுத்தில் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போய், கோணல் கொண்டையில் நிறுத்தினாள். உள்ளே போய்விட்டாள்.

மஞ்சள் கிண்ணம் எடுக்கத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது, குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அண்ணனுக்குத் தூக்கிய களைப்பு, என் மேல் கோபம். "இனிமே இது வெறும் நாற்காலிதானே" என்று முறைத்தபடி தொப்பென்று அதில் உட்கார்ந்தான். ஐம்பத்தெட்டு வயசு ஆள், பேங்க் ஆபீசர், பதினாலு அங்குல நாற்காலியில் முட்டி இரண்டும் மார்புக்கு வர உட்கார்ந்திருந்தான்.

அம்மா திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். புடவையை நன்றாக இழுத்துச் செருகியிருந்தாள். கையில் மஞ்சள் கிண்ணம் இல்லை, பூக்கூடை இருந்தது. நேராக அண்ணன் முன்னால் போய் நின்று, பலகையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏளப்பா. லேடீஸ் சீட்டு."

அண்ணன் துள்ளி எழுந்தான்.

அம்மா திரும்பி, கை வைக்கும் சட்டத்தைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. குதிகாலை ஒரு தரம் தூக்கி மறுபடி வைத்துப் பார்த்தாள். முதுகைச் சாய்த்தாள். தோல் பை அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாரைப் பிரித்து முதல் பூவை வைத்தாள்.

நானும் அண்ணனும் எதிரில் நின்றுகொண்டிருந்தோம். அவன் அழுதுகொண்டிருந்தான், நான் சிரித்துக்கொண்டிருந்தேனா அழுதுகொண்டிருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நின்றிருந்தோம் போலிருக்கிறது.

"இன்னா வேடிக்கை?" என்றாள். "முந்தே ஹோக்ரீ."